அன்ரனின் மீன் பணிஸ்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. மீன் அடைத்துச் சுட்ட பணிஸ் வாசனை மாடிவரை ஏறியது. "அப்பப்பா, மீன் பணிஸ் வாங்கட்டோ?" என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்டாள்.

கொட்டாஞ்சேனையில் நான் படித்த காலம். படிப்பை இடையில் விட்டுவிடக்கூடிய சில பெடியன்களுக்காக எங்கள் டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டபின் வாசிப்பு வட்டம் நடத்தினார். ஒரு கதை, ஆளுக்கொரு மீன் பணிஸ். வகுப்பில் முதலாம் பிள்ளையான எனக்கு அங்கே இடமில்லை. யன்னலோரம் நின்று பார்ப்பேன். அந்தப் பெடியன்களில் ஒருவனான அன்ரன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஆனாலும் டீச்சர் அவனிடம், "நீயெண்டா என்ன செய்திருப்பாய்?" என்று ஆசையாகக் கேட்பார். என்னிடம் எவரும் புள்ளிகளைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அன்ரனின் தகப்பன், மகன் கணக்குப் படிக்க நிற்கிறான் என்று நம்பியிருந்தார். ஒருநாள் அவரை வழியில் மறித்தேன்.

"அங்கிள், அவன் கணக்குப் படிக்கேல்லை. கதைப் புத்தகம் வாசிச்சு பணிஸ் தின்னுறான்."

"அப்பிடியோ? தின்னுறதுக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? என்னோட வேலைக்கு வரட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யன்னலில் என்னைக் கண்டார்.

"அன்ரனைத் தகப்பன் மறிச்சுப்போட்டாராம். நீ வந்து இரு, தம்பி. பணிஸ் வீணாப் போயிடும்."

அவனுடைய கதிரையில் உட்கார்ந்து பணிஸ் முழுவதையும் தின்றேன். மிகவும் ருசியாக இருந்தது. அதைத்தான் பேத்தியிடம் என்னால் சொல்ல முடியவில்லை.