சூடு தெரியாத கால்

எங்க வீட்டுக்காரர் கால்ல எனக்குத் தெரியாத இடமே இப்ப கிடையாது. எந்த விரல் இடுக்குல ஈரம் தங்கும், குதிகால்ல எந்தப் பக்கம் வெடிக்கும், எது பழைய தழும்பு, எது நேத்து வந்த கீறல், எல்லாம் அத்துப்படி. கல்யாணமான புதுசுல அவர் முகத்தைக்கூட நான் இவ்ளோ நேரம் பாத்ததில்ல. தினமும் சாயங்காலம் டீ குடிச்சதும் அவர் நாற்காலியில உக்காந்து காலை நீட்டுவார். நான் எதிர்ல ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொரு காலா மடியில தூக்கி வெச்சு, டார்ச் அடிச்சுப் பாப்பேன்.

"இன்னாடி, புதையல் தேடறியா?"ம்பார்.

"வாயை மூடிக்கிட்டு ஆடாம உக்காருங்க"ம்பேன். எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. அது எங்க தெருவுக்கே தெரியும்.

நாங்க அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்துல, வேங்கிக்கால்ல இருக்கோம். நான் அங்கயே ஒரு அரசாங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா சேந்து, சூப்பரின்டெண்டா ரிடையர் ஆனவ. அவர் பஸ் கண்டக்டரா இருந்தவர். காலம் பூரா நின்னுக்கிட்டே பொழைச்ச மனுஷன், ரிடையர் ஆகியும் உக்காரத் தெரியாது. ஒரே பொண்ணு, சென்னையில இருக்கா. அவருக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. மாத்திரை போடுவார், இனிப்பும் திம்பார். கேட்டா, "நடக்கறவனை சுகர் இன்னா பண்ணும்?"னு ஒரே பதில்தான். அவர் நடையும் சும்மா நடை இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து பௌர்ணமி தவறாம மலை சுத்தறவர். டூட்டி இருந்தா ஆள் மாத்திக்கிட்டாவது போயிடுவார். செருப்பு? மூச்சு விடக்கூடாது. ராஜகோபுரத்துக்கிட்ட இறங்கறப்பவே கால் வெறுங்கால்தான்.

ஒரு சித்ரா பௌர்ணமி. கூட்டத்துல சிக்கிக்க வேணாம்னு மத்தியானமே கெளம்பிட்டோம். புத்தியை எங்க கடன் குடுத்தோமோ தெரியல. செங்கம் ரோடு தாண்டறதுக்குள்ள தார் ரோடு அடுப்பா காயுது. தண்ணி லாரி வந்து ரோட்டை நனைச்சுட்டுப் போவும், அடுத்த நிமிஷமே காஞ்சிடும். ஜனங்க ஒரு நிழல்லேர்ந்து இன்னொரு நிழலுக்கு ஓட்டமா ஓடறாங்க. நானும் ஓடறேன். இவர் மட்டும் நட்ட நடு ரோட்டுல, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி நிதானமா நடக்கறார்.

இளநீர் விக்கிற அம்மா ஒருத்தி வாயைப் பொளந்துட்டா. "சாமி, உங்களுக்கு சுடலையா?"ன்னு கேட்டா.

இவர் நின்னு, மலையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டார். "அவன் பாத்துக்கறான்மா. பூ மேல நடக்கற மாதிரி இருக்குது."

அந்த அம்மா இவரையே கும்பிட்டுட்டா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பொய் சொல்லுவானேன், கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுல, எதிர் வீட்டுல, போன்ல பொண்ணுக்கிட்ட, எல்லார்க்கிட்டயும் சொன்னேன்: அப்பாவுக்கு அண்ணாமலையார் கருணை, நெருப்பா காயற ரோட்டுல சூடே தெரியலடின்னு.

ரெண்டு மூணு நாள் கழிச்சு மெத்தை விரிப்புல ஒரு ஈரக்கறை. இன்னாதுன்னு பாத்தேன், தெரியல. அவர் தூங்கிக்கிட்டு இருந்தார். போர்வையை விலக்கிக் காலைப் பாத்தேன். ஐயோ! வலது அடிப்பாதத்துல முன்பக்கம் பூரா தோல் உரிஞ்சு, வடை சைஸுக்குப் புண்ணு. சீழ் வெச்சிருந்துச்சு. அந்தப் புண்ணை வெச்சிக்கிட்டு மார்க்கெட் போயிருக்கார், மாடி ஏறியிருக்கார், ஒரு முனகல் இல்ல. எழுப்பிக் கேட்டா, "எங்க? எந்தக் கால்ல?"ங்கறார்.

சுகர் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டு ஓடினேன். அந்த டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் பண்ணிட்டு, மெலிசா நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலை எடுத்தாங்க. "ஐயா, கண்ணை மூடிக்கோங்க. கால்ல தொடுவேன். தொட்டா தெரியுதுன்னு சொல்லுங்க"ன்னாங்க.

இவர் சமத்தா கண்ணை மூடிக்கிட்டார். அவங்க நூலைக் கட்டை விரல்ல வெச்சு அழுத்தினாங்க. நூல் வளைஞ்சுது. இவர் பேசல. விரலுக்குக் கீழ, நடுப் பாதம், குதிகால், அப்புறம் அடுத்த கால். நூல் வளையுது, நிமிருது. இவர் கண்ணை மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டே இருக்கார். டாக்டரம்மா நூலை டப்பாவுல போட்டு மூடிட்டாங்க.

"ஆரம்பிங்க டாக்டர், நான் ரெடி"ன்னார் இவர்.

 டாக்டரம்மா மெதுவாத்தான் சொன்னாங்க. சுகரால கால் நரம்பு செத்துப்போச்சு, அதான் சூடும் தெரியல, வலியும் தெரியல. இனிமே வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் கூடாது, சுகர் காலுக்குன்னே மெத்துனு செய்யற எம்.சி.ஆர். செருப்புதான். தினமும் யாராவது காலைப் பாக்கணும். இந்தப் புண்ணு ஆறிடும், ஆனா இன்னொரு தடவை இப்படி வந்தா காலை எடுக்கற மாதிரி ஆயிடலாம்னாங்க.

ஆட்டோவுல வர்றப்போ அவர் ஓரமா உக்காந்துக்கிட்டார். வெளிய மலை கூடவே வந்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு கேட்டார்: "அப்போ அன்னிக்கு அது அவன் இல்லியா?"

நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வயசானா வலிக்கும்னுதான் நான் பயந்துக்கிட்டு இருந்தேன். முட்டி வலி, இடுப்பு வலின்னு எனக்கு ஆயிரம் இருக்கு, தைலம் வாங்கியே மாளல. வலிக்காம போறதுன்னு ஒண்ணு இருக்கும்னு யாரும் சொல்லல. இவ்ளோ வருஷம் வலியைத் திட்டிட்டேன். அது காவலுக்கு வாசல்ல நின்னு கொலைச்சுக்கிட்டு இருந்த நாய்தான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

பொண்ணு அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்தா. அப்பா காலைப் பாத்து அழுதா, அப்புறம் என்னைப் பாத்துக் கத்தினா. போன்ல ஒரு எடத்தைக் காட்டினா. சென்னைக்கு வெளிய, வயசானவங்களுக்குன்னே கட்டின அபார்ட்மெண்ட். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி, மணி அடிச்சா நர்ஸ் வருவாங்க, நடக்கறதுக்குச் சுத்தி டைல்ஸ் போட்ட பாதை, நம்ம வயசுக்காரங்க பேச்சுத் துணைக்கு. நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்றதுக்கு இல்ல.

"இன்னொரு புண்ணு வந்துதுன்னா, வீட்டைப் பூட்டி ரெண்டு பேரையும் அங்க கூட்டிட்டுப் போயிடுவேன். அப்பா கால் போனதுக்கப்புறம் நான் யார்க்கிட்ட போய் அழறது?"ன்னா. அவ சொல்றதுல தப்பு இன்னா இருக்கு?

"மலையை வுட்டுட்டு டைல்ஸை சுத்தணுமா?"ன்னார் அப்பங்காரர். 

புண்ணு ஆறறதுக்கு மழைக்காலம் தாண்டிடுச்சு. ஆறின அன்னிக்கு டாக்டரம்மா, "இனிமே நடக்கணும், நடக்காம இருந்தா சுகர் ஏறும். செருப்பைப் போட்டுக்கிட்டு நடங்க"ன்னாங்க. இங்கதான் பேஜாரு ஆரம்பிச்சுது. மலை சுத்தற பாதையில செருப்புப் போட மாட்டாராம். வேற எங்கயும் நடக்க மாட்டாராம். செருப்பு டப்பாவுலயே கெடக்குது. டிவி முன்னாடி உக்காந்தவர் உக்காந்தவர்தான். சோறு கம்மி ஆச்சு, பேச்சு கம்மி ஆச்சு, சுகர் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. பௌர்ணமி வந்தா ஊர் பூரா பஸ் சத்தம் கேக்கும். இவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.  நடந்தா கால் போயிடும், நடக்காட்டி ஆளே போயிடுவார், நான் எதைப் பிடிச்சு நிறுத்தறது?

கெஞ்சினேன், திட்டினேன். "செருப்பைப் போட்டா மலை எழுந்து ஓடிடுமா?"ன்னு கேட்டேன்.

"மலையா அது? சாமிடி. கோயிலுக்குள்ள செருப்போட போவியா நீ?"ன்னார். அப்புறம் குரல் எறங்கிப்போச்சு. "ஏற்கெனவே அவன் என்னை ஏமாத்திட்டான். நானும் அவனை அவமானப்படுத்தணுமா?"

திரும்ப வெயில் காலம் ஆரம்பிச்ச ஒரு நாள் காலையில எனக்குத் தாங்கல. பௌர்ணமியும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாதாரண நாள். டப்பாவைப் பிரிச்சு செருப்பை அவர் முன்னாடி டொப்புனு போட்டேன். என் செருப்பை எடுத்து பீரோ மேல தூக்கிப் போட்டேன்.

"நீங்க போட்டுக்கோங்க. நான் போடல. உங்க வெறுங்காலுக்கு என் வெறுங்கால். அண்ணாமலையாருக்கு நம்ம வீட்டுலேர்ந்து ஒரு ஜோடி வெறுங்கால்தானே வேணும்? நான் குடுக்கறேன்."

"உனக்கு முட்டி வலி"ன்னார்.

"வலிக்குது இல்ல? வலி தெரியறவ நடக்கட்டும். தாலி கட்டறப்போ உங்க புண்ணியத்துல எனக்குப் பாதின்னாங்களே, வாங்கினேனா நான்? இப்ப குடுங்க. எழுந்திருங்க!"

அவர் என்னையே பாத்தார். ரொம்ப நாள் கழிச்சு அந்த மூஞ்சில சிரிப்பு வந்துச்சு. "இவ ஒருத்தி"ன்னு முனகிக்கிட்டே செருப்புக்குள்ள காலை விட்டார்.

பாதி வழியில இருக்கற அடி அண்ணாமலை வரைக்கும் போறது, அங்கேர்ந்து ஆட்டோவுல திரும்பறதுன்னு பேச்சு. அதுவே எங்க ரெண்டு பேருக்கும் ஜாஸ்தி. கோபுரத்தைக் கும்பிட்டுட்டு நடந்தோம். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தார், செருப்பை யாராவது பாத்துடப் போறாங்கன்னு வேட்டியைத் தாழ இறக்கிக் கட்டிக்கிட்டு. என் முட்டியால நாங்க ஊர்ந்து போறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு.

அடி அண்ணாமலைகிட்ட, காவி வேட்டி கட்டின ஒருத்தர் எதிர்ல நின்னுட்டார். "பெரியவரே, மலை சுத்தறப்போ செருப்பா? கழட்டிட்டு நடங்க"ன்னார்.

அவ்ளோதான். இவர் அங்கயே குனிஞ்சு வாரை அவுக்க ஆரம்பிச்சிட்டார். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "சுகர் கால்ங்க அது. கால் போச்சுன்னா நீங்க வந்து தூக்கிக்கிட்டு சுத்துவீங்களா? உங்க வழியைப் பாத்துக்கிட்டுப் போங்க"ன்னேன். அந்த ஆள் முணுமுணுத்துக்கிட்டே போயிட்டார். ஆனா இவர் நிமிரல. ஒரு வார் அவுத்தாச்சு, கை அடுத்த வார்ல இருக்கு. நான் இன்னும் ஒரு வார்த்தை கத்தியிருந்தா கழட்டி எறிஞ்சிருப்பார். நான் கத்தல. கத்தற தெம்பும் இல்ல. தார் ரோடு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான் ஒரு காலை வெச்சு ஒரு காலைத் தூக்கி நின்னுக்கிட்டு இருந்தேன்.

குனிஞ்சவர் கண்ணுல என் கால்தான் பட்டிருக்கு.

"சுடுதா?"ன்னார்.

"சுடாம?"

"ரொம்பவா?"

"அன்னிக்கு நீங்க நடந்தது இதே ரோடுதான். அன்னிக்கு இதைவிட ஜாஸ்தி வெயில்."

அவர் ரோட்டைப் பாத்தார், என் காலைப் பாத்தார். அப்புறம் தலையைத் தூக்கி மலையைப் பாத்தார். "அவன் நெருப்பாச்சே? சுடத்தான் செஞ்சிருக்கான். எனக்குத்தான் தெரியல"ன்னார். அவுத்த வாரைத் திரும்ப மாட்டினார். நிதானமா, ரெண்டையும், இறுக்கி. எழுந்து என் கையைப் பிடிச்சு, நடு ரோட்டுல, அத்தனை பேர் பாக்க, புளிய மர நிழலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் அடி அண்ணாமலை கோயில் வரைக்கும், எங்கெங்க நிழல் இருக்கோ அங்கங்கதான் என்னை நடக்க விட்டார். "இங்க சுடுதா? இங்க?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். கண்டக்டர் புத்தி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் கேக்காம இருக்க முடியாது.

சாயங்காலம் டீ குடிச்சதும் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டேன். காலை மடியில வெச்சு டார்ச் அடிச்சேன். விரல் இடுக்கு, நடுப் பாதம், பழைய தழும்பு, குதிகால். ஒரு கீறல் இல்ல. "சுத்தம்"னேன். பொண்ணுக்குப் போன் பண்ணி, அப்பா நடந்தாரு, கால் சுத்தம்னு சொன்னேன். அந்தப் பக்கம் அவ மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுது.

போனை வெச்சிட்டு எழுந்திருக்கப் பாத்தேன். முடியல, அடிப்பாதம் எரியுது. அவர் டார்ச்சை என் கையிலேர்ந்து வாங்கினார்.

"உக்காரு. உன் காலைக் காட்டு."

"ஐயோ, விடுங்க. நல்லா இருக்குமா?"

"காட்டுடி."

என் காலை இழுத்து அவர் மடியில வெச்சிக்கிட்டார். எனக்குக் கூச்சத்துல எங்க பாக்கறதுன்னே தெரியல. மணவறையில மெட்டி போடறதுக்கு இந்தக் காலை அம்மி மேல தூக்கி வெச்சார். அதுக்கப்புறம் இப்பதான். டார்ச் அடிச்சு, கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஒவ்வொரு விரலா பாத்தார். குதிகால்கிட்ட சின்னதா ஒரு கொப்புளம் இருந்துதாம். உதட்டைக் கடிச்சுக்கிட்டார்.

"கண்ணை மூடு"ன்னார். "தொடுவேன். தெரிஞ்சா சொல்லு."

மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கட்டை விரல்ல அவர் விரல் பட்டுது.

"தெரியுது"ன்னேன்.

நடுப் பாதம்.

"தெரியுது."

மெட்டி விரல். அங்கேர்ந்து அவர் கை நகரல.

"தெரியுதா?"ன்னார். அவர் குரல் உடைஞ்சிருந்துச்சு.

"தெரியுதுங்க"ன்னேன்.