ஹிஸ்கீல் என்று எழுதிய தாள்

மூன்று நாளைக்கு முன், தொட்டிலடியில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்க, பேரனின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாள் ஒன்று விழுந்தது. மருமகனின் கையெழுத்து. ஒரே சொல்: ஹிஸ்கீல். கீழே இரண்டு கோடுகள்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் அது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைப்பதாக இருந்தது. வீட்டில் பேசிய பெயர்களில் இது இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீங்கள் சிரிக்கலாம். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இராணுவம் வீடு வீடாகச் சோதனை போட்ட அந்த வருடம், மகளின் அரபுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது யார் தந்தது?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து பழக்கமில்லாத எதைக் கண்டாலும் எனக்குள்ளும் அந்தக் கேள்விதான் எழும்புகிறது.

மருமகன் நல்ல மனிதர்தான். ஆனால் கொஞ்ச நாளாக மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மெதுவாகக் கதைக்கிறார். தாடியும் முன்பைவிட நீண்டிருக்கிறது. குர்ஆனில் அந்தப் பெயர் நேராக வராது என்பதும் சேர்ந்துகொண்டது. யாரோ புதிதாக எதையோ ஓதிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மேல்மாடிக் குப்பைக்கூடையைக்கூட ஒருதரம் கிளறினேன்.

"நீ பேரனுக்குப் பேர் வெக்கப்போறியா, விசாரண வெக்கப்போறியா?" என்றார் என் கணவர்.

அந்தத் தாளோ பள்ளிக்கூட இடாப்புத் தாள் போல இருந்தது. நான் கற்பிக்கச் சேர்ந்த புதிதில், ஆசிரியர்கள் ஒப்பமிடும் இடாப்பில் என் பெயருக்கு மேலே எசேக்கியேல் என்றிருக்கும். பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் வரும் கணக்கு ஆசிரியர், எல்லாருக்கும் எசேக்கியேல் சேர். கிட்ட வந்தால் சோக்குத் தூளும் சைக்கிள் எண்ணெயும் மணக்கும்.

"ஒங்கட பேருக்கு என்ன கருத்து சேர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எபிரேயப் பேர் டீச்சர். கடவுள் பலப்படுத்துவார் எண்டு கருத்து. என்னைப் பாத்தா நம்பமாட்டீங்க," என்று மெலிந்த கையை மடக்கிக் காட்டினார். காய்ந்த எலும்புகள் கிடந்த பள்ளத்தாக்கில் நின்று, அவை உயிரோடு எழும்பக் கண்ட தீர்க்கதரிசியின் கதையையும் சொன்னார். சாவுக்குப் பயந்து வீடுகளை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கானோர் இறந்து, பிறகு எழுப்பப்பட்டதை நாங்களும் குர்ஆனில் ஓதுகிறோம். அந்த இடத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் ஹிஸ்கீல் நபியின் பெயரைச் சொல்வார்கள். எசேக்கியேலுக்கு எங்களிடம் அதுதான் பெயர்.

"அப்ப சேர் எங்கட ஆள்!" என்றேன்.

"இல்ல டீச்சர், நீங்கதான் எங்கட ஆள்."

யுத்த காலம் அது. தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே சந்தேகம் இருந்தது. எங்கள் இடைவேளைத் தேநீரில் மட்டும் இருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். பயம் வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் உதவாது. அன்று பின்னேரமே தாளோடு மேலே போனேன்.

"இந்தப் பேர ஆரு சொல்லித்தந்த, மருமகன்?"

"ஏன் மாமி?"

"சும்மாதான். அவசரப்படாம பதினாலாம் நாள் வெப்பமே. அதுக்கும் மார்க்கத்தில எடமிரிக்கிதானே."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்கட ஊட்டயும் பதினாலுக்குத்தான் தள்ளி வெச்ச மாமி," என்றார்.

மருதமுனையில், கடற்கரையை ஒட்டிய வீடு. அவருக்கு எட்டு வயது. தம்பி பிறந்தான். உம்மா அவனுக்கு ஹிஸ்கீல் என்று பெயர் பார்த்து வைத்திருந்தார். சவூதியிலிருந்து வாப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் கடல் வந்தது.

"உம்மாவும் தம்பியும் மௌத்தாயிட்டாங்க. காம்பில லிஸ்ட் எழுதக்குள்ள தம்பிட பேர என்னக்கிட்டத்தான் கேட்டாங்க. வெக்காத பேர எப்பிடிச் சொல்ற மாமி? 'குழந்தை' எண்டு எழுதிட்டாங்க. இப்ப வாப்பாக்கிட்டதான் போன்ல கேட்டுக்கிட்டிருந்த, இந்தப் பேர வெக்கட்டா எண்டு. அவரால கதைக்க ஏலல்ல."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஏழாம் நாளே வெப்பம்" என்பது மட்டும்தான் வந்தது.

நேற்று வைத்தோம். பெயர் வைப்புக்கு அறுத்த ஆட்டின் இறைச்சிப் பங்கு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, பெயரைக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"புதுசா இரிக்கே. ஆரு சொல்லித்தந்த?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"இவன்ட சாச்சாட பேர். வாப்பாட தம்பி," என்றேன்.

கையிலிருந்த இறைச்சிப் பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு அவள் போய்விட்டாள். என்ன கருத்து என்று கேட்கவில்லை. எசேக்கியேல் சேரிடம் நான் கேட்ட அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்டு வெகுகாலமாகிறது.