ரேடியோவின் முதுகு

நேற்று மெக்கானிக் எங்கள் பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றியதும், சூடேறிய தூசியின் வாசம் குப்பென்று வந்து, இன்று கடலுக்குள் கிடக்கும் தனுஷ்கோடி வீட்டின் சன்னலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தச் சன்னலில்தான் வாப்பாவின் ரேடியோ இருக்கும். அதன் முகம் முன்கூடத்து ஆண்களுக்கு. முதுகு உள்கட்டில் இருக்கும் உம்மாவுக்கும் மாமிமாருக்கும். முதுகின் ஓட்டைகள் வழியே சிவந்து எரியும் வால்வுகளைப் பார்த்தபடி, மீன் கழுவிய ஈரக்கையோடு அவர்கள் காது கொடுத்து நிற்பார்கள்.

முன்கூடத்துக்கு மெட்ராஸ் செய்தி வேண்டும். உம்மாவுக்குக் கொழும்புப் பாட்டுத்தான் உயிர். அந்திக்கு மஃரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உம்மா ரேடியோவின் முதுகில் வளையல் குலுங்க இரண்டு தட்டுத் தட்டுவார். பெட்டி கரகரவென்று இரைந்துவிட்டுக் கொழும்பைப் பாடும்.

"பாத்தியளா, என் கைராசி!" என்று உம்மா பூரித்துப்போவார்.

"இங்கன மெட்ராஸ் எடுக்க மாட்டேங்குது, என்ன செய்ய" என்று முன்கூடத்தில் வாப்பா கடல்காற்றின் மேல் பழியைப் போடுவார். கடைத்தெருவே அதை நம்பியது. புதிதாக ரேடியோ வாங்கியவர்கள்கூட மெட்ராஸைத் தேடாமல் விட்டார்கள்.

ஒருநாள் எல்லாரும் எழுந்து போனபின் முன்கூடத்துக்கு ஓடினேன். வாப்பாவின் கை நிலையம் மாற்றும் திருகில் இருந்தது. மெட்ராஸ் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

சத்தத்தைக் குறைத்துவிட்டு, சன்னல் பக்கம் பார்த்து, "உம்மாட்ட சொல்லிராத புள்ள" என்றார்.

உம்மா கண்மூடி மவுத்தாகும்வரை நான் சொல்லவில்லை.