தீ மிதித்த கால்

காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து சாலை முனைவரை பதினொரு விளக்குக் கம்பங்கள். ஆறாவது கம்பத்தை எட்டும்போது அப்பாவின் வலது கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் விட்டுவிடும். இரண்டே மாதத்தில் ஆறு கம்பம் மூன்றானது.

நடந்தால் வலித்து, நின்றால் விட்டுவிடும் கால் உங்கள் வீட்டில் இருந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். நாங்கள் தேய்த்தோம்.

அப்பா சாலைக்குத் தார் போடும் கூலி. மாரியம்மன் திருவிழாவில் பத்தொன்பது முறை தீ மிதித்தவர். ஒருமுறைகூடக் கொப்புளம் கண்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்தபோது, "இது டாக்டரு பாக்குற கால் இல்ல பாப்பா, ஆத்தா பாக்குற கால்" என்றார். நான் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். நான் சொன்னால் வீட்டில் நடக்கும்.

ஆஸ்பத்திரி நடைவழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அப்பா என்னைக் காட்டி, தொரையிடம் நேராகப் பேசும் பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைக் கேட்காதவள்போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்கார டாக்டர் என் விரல்களைப் பிடித்து அப்பாவின் இடது பாதத்தின் மேல் வைத்தார். நாடி துடித்தது. வலது பாதத்தில் ஒன்றுமில்லை. அழுத்திப் பார்க்காதே, உன் விரலின் துடிப்பே உன்னை ஏமாற்றும் என்றார். இதயம் எவ்வளவு தள்ளினாலும் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) சுருங்கிவிட்டால் ரத்தம் போய்ச் சேராது. அப்பாவின் தமனிகளைச் சுருட்டுப் புகை சுருக்கிவிட்டது. சுருட்டை விட வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பாதத்துக்குச் சூடு காட்டவே கூடாது. இவைதான் அவர் சொன்னவை.

முதல் இரண்டையும் தமிழில் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. தீ மிதிப்பவரிடம் சூடு ஆகாது என்றால் சிரிப்பார்; சிரித்தால் சுருட்டையும் விடமாட்டார் என்று நானே முடிவுசெய்தேன்.

படித்த பிள்ளை சொல்கிறது என்று ஒரே வாரத்தில் அப்பா சுருட்டை விட்டார்.

மெர்டேக்கா (நாட்டின் சுதந்திரம்) வந்த வருடத்தின் கடைசியில் விடாத மழை. ஒருநாள் மாலை அப்பாவின் பாதம் பனிக்கட்டிபோல் ஆகி, விரல்கள் நீலமாயின. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சூடு பட்டால் ரத்தக்குழாய் விரியும் என்று என் சுகாதாரப் பாடப்புத்தகத்தில் இருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வராமலில்லை. புத்தகம் அச்சில் இருந்தது. அதை நான் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருந்தேன்.

அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, துணியில் சுற்றிப் பாதத்தின் கீழ் வைத்தேன்.

"சுடுதாப்பா?"

"எனக்கா? குழியில எறங்குறவன்கிட்ட கேக்குற கேள்வியா லா இது? இன்னும் கொஞ்சம் சூடாக் கொண்டா."

கொண்டுவந்தேன்.

காலையில் குதிகாலில் முட்டை அளவுக்குக் கொப்புளம். நான்கு நாளில் அது கறுத்தது. சூடேறிய சதை கூடுதல் ரத்தம் கேட்கும். சுருங்கிய குழாயால் கொடுக்க முடியாது. பட்டினி கிடந்த தோலுக்குச் சுடுவதும் தெரியாது. கேங்கிரின் (ரத்தம் கிடைக்காத சதை அழுகிச் சாவது) கணுக்கால்வரை ஏறிவிட்டது.

டாக்டர் அந்தக் குதிகாலைப் பார்த்ததும் என்னிடம் கேட்டார், சூடு வைத்தது யார் என்று.

"என்ன பாப்பா கேக்குறாரு?"

"சுருட்ட விட்டுட்டீங்களான்னு கேக்குறாருப்பா."

"அன்னைக்கே விட்டாச்சுன்னு சொல்லு."

அவராகவே வைத்துக்கொண்டார் என்று டாக்டரிடம் சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். டாக்டர் குரலை உயர்த்தி அப்பாவைத் திட்டினார். என்ன சொல்கிறார் என்று அப்பா என் முகத்தைப் பார்த்தார். பாராட்டுகிறார் என்றேன். அப்பா டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

சுருட்டுதான் காலைத் தின்றது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பாவும் ஆமாம் என்பார். நான் காப்பி கலந்து கொடுப்பேன். அவர்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அடுத்த திருவிழாவுக்கு அப்பாவை நாற்காலியில் தூக்கிப்போய்க் குழிக்கு எதிரே உட்காரவைத்தோம். அவரோடு தார் போட்ட ஒருவர், மஞ்சள் வேட்டியோடு குனிந்து, "என்ன மச்சான், ஒத்தக் கால்ல எறங்கினா பாதிப் புண்ணியமாவது கெடைக்குமே" என்றார். எல்லோருக்கும் முந்தி அப்பாதான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும், "கால் சில்லுனு இருக்கு பாப்பா" என்றார். எந்தக் கால் என்று கேட்டேன். வலது என்றார். வெட்டிய கால் இருப்பதுபோலவே சிலருக்குத் தோன்றும், நரம்புகள் மறப்பதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"அந்தக் கல்லச் சுட்டுக் கொண்டாம்மா. அன்னைக்கு வெச்சியே."

அவர் குரலில் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கல்லைச் சுட்டு, துணியில் சுற்றி, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாயின் மேல் வைத்தேன்.

"சுடுதாப்பா?"

வலது முழங்காலைப் பாயில் மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

"சுடுது பாப்பா. எடுத்துடு."

இருந்த கால் சொல்லாததை இல்லாத கால் ஐந்து மாதம் கழித்துச் சொன்னது. கல்லை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான பாயின் மேல் விரல்களை வைத்து அழுத்தினேன். நாடி துடித்தது. என்னுடையது.