வலிச்சாப் பார்த்துக்கலாம்

ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்ததும் காபியும் ரப்பரும் கலந்து, லேசாகப் புளித்து, வெதுவெதுப்பாக மேலே வரும் அந்த வாசனைதான் சிறுவயதில் எனக்கு ஆஸ்பத்திரியின் வாசனை. ஆயா, என் அம்மாவின் அம்மா, அந்த ஃபிளாஸ்க்கை வேறு எதற்கும் எடுத்ததில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும், யாருக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் முதலில் ஆயா வீட்டுக்குத்தான் ஆள் வரும். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் அவளுக்கு டாக்டர்களிடம் கேள்வி கேட்கத் தயக்கமில்லை. ஒயர் கூடையில் ஃபிளாஸ்க், டம்ளர், பழைய துண்டு, ஜெபப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் "துணைக்குப் போறது".

எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில் இருந்தது. கோடை விடுமுறை விட்டதும் அம்மா என்னை ஆயாவிடம் கொண்டுவந்து விட்டுவிடுவாள். நான் நாலாம் வகுப்பு முடித்த அந்த விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஆயா குளியலறையிலிருந்து முதுகு தேய்க்கக் கூப்பிட்டாள். தேய்த்துக்கொண்டே முன்பக்கம் வந்தபோது அவளுடைய இடது மார்பில், உள்ளேயிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு இடத்தில் தோல் குழிந்திருந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன்.

"கொழுப்புக் கட்டிடி. தொட்டாக்கூட வலிக்காது. நீ தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். அடுத்த வாரம் அம்மா வந்தபோது அவளிடம் சொன்னேன். அடுப்படியில் அம்மா மெதுவாகக் கேட்க, ஆயா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"வலிச்சா சொல்ல மாட்டேனா? உன் தம்பி கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இப்ப ஆஸ்பத்திரின்னு ஏறி இறங்கினா பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்க? வலிச்சாப் பார்த்துக்கலாம்."

"லேடி டாக்டர்கிட்டயாவது காட்டும்மா."

"காட்டறேன், காட்டறேன்."

அந்தப் பதிலில் அம்மாவுக்கு ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். வலி இல்லாதது நல்ல அறிகுறி என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமாவின் கல்யாணம் நடந்தது. ஆயா பட்டுப்புடவையில் பந்திக்குப் பந்தி நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மருமகள் புதிது, பிறகு மழைக்காலம், பிறகு கிறிஸ்துமஸ். இதற்கு நடுவில் தெருவில் இரண்டு பேருக்குத் துணைக்கும் போய்வந்தாள். பொங்கல் சமயத்தில் இடது கை வீங்கி வளையலைக் கழற்ற முடியாமல் போனபோதுதான் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

டாக்டர் வயதில் சின்னவர். பார்த்து முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா இருக்கும்மா இது?"

"ஒரு வருஷம் இருக்கும். வலி இல்ல டாக்டர், அதான் விட்டுட்டேன்."

"இது ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதும்மா. வலிக்கலன்னாலும் வந்திருக்கணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆயா தலையை ஆட்டிக்கொண்டாள், மாணவி மாதிரி. அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்தவை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கின்றன. ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. கதிர்வீச்சை எல்லோரும் "கரண்ட் வைக்கிறது" என்றார்கள். உறவினர்கள் கேட்டால் வயிற்றில் கட்டி என்று சொல்லும்படி எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், நானும் அப்படியே சொன்னேன். மார்பு என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு, இனி எங்கேயும் போக வேண்டாம் என்று ஆயாவே சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வருடக் கோடை விடுமுறை தொடங்கும் முன் இறந்துபோனாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வாடகை நாற்காலிகளை இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். யாரோ இட்லி கொடுத்தார்கள், சாப்பிட்டேன். பக்கத்து வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த மும்தாஜ் அக்கா, இரண்டு பிரசவத்துக்கும் ஆயாவைத் துணைக்கு அழைத்துப் போனவர், பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க டீச்சரு. அவங்கள இட்டுகினு போவ ஒருத்தர்கூட இல்லாம பூட்டோமே."

 அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சில வருடங்களுக்கு முன் நான் அம்மாவை மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னபோது, "எனக்குத்தான் வலி எதுவும் இல்லையே" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள். இயந்திரம் மார்பை அழுத்தும்போது கொஞ்சம் வலித்தது, சீக்கிரம் முடிந்துவிட்டது என்றாள். கையால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு, கடலைப்பருப்பு போல ஒன்று இருப்பது படத்தில் தெரிந்தது. அதை மட்டும் எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், இப்போது தினமும் ஒரு மாத்திரை. அம்மா காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறாள். எனக்கும் அடுத்த மாதம் பரிசோதனை இருக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மாதம் ஒருமுறை குளிக்கும்போது மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். கட்டியோ, தோலில் குழிவோ, காம்பு உள்ளிழுத்துக்கொள்வதோ, அதிலிருந்து நீர் கசிவதோ தெரிந்தால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். கல்யாணம் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நாற்பது வயதானவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் எப்போது படம் எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கு முன்பே கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லும் "காட்டறேன்" என்ற பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள், கூடவே போங்கள்.

ஆயாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. மும்தாஜ் அக்கா குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆயா சொன்னவையெல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன, மேலே அவற்றைத் தயங்காமல் எழுதிவிட்டேன். ஆனால் குரல் போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அந்த வார்த்தைகள் என் குரலில்தான் கேட்கின்றன. ஆயாவின் குரல் எப்படி இருக்கும் என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். 

"கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்றாள். பிறகு, "இல்ல, அது கடைசியிலதான்" என்றாள்.