தீ வேண்டாம் என்றாள் எஸ்தர்

பெருமாநல்லூரில் என் வீட்டில் ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கதையைச் சொல்லி நடத்துபவன் நான்; பாத்திரங்கள் எடுக்கும் முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அன்று கதையில் ஒரு பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்தது.

ஆட்டத்தில் இருந்தவர்களில் ஒருத்தி, எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தென்காசிப் பெண் எஸ்தர், "தீ வேண்டாம்ணே, வேற எதுனாலும் வைங்க" என்றாள்.

மூன்று நாள் யோசித்து எழுதிய காட்சி. விட மனமில்லை. "வெளையாட்டுத்தானுங்க, சும்மா உருட்டுங்க" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பகடையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பட்டாசு ஆலை விபத்தில் அவள் தங்கை இறந்ததை மறுநாள்தான் கேள்விப்பட்டேன். தேடிப்போய், "தெரியாமப் போச்சுங்க" என்றேன்.

"வேண்டாம்னு சொன்னது போதாதாண்ணே? காரணம் சொன்னாத்தான் நிறுத்துவீகளா?" என்று கேட்டாள்.

இப்போது யார் வேண்டாமென்றாலும் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுகிறேன். அதைப் பார்க்க எஸ்தர் வருவதில்லை.