பிறந்த வீட்டுக் கோடியும் ஒரு மணி நேர விமானமும்

ஒப்பாரியின் பாடபேதங்களை, ஊருக்கு ஊர் மாறும் வடிவங்களை, திரட்டுவது நாட்டார் பாடல் ஆய்வாளர்களான எங்கள் தொழில். இழவு விழாத வீட்டில் அதைப் பாடச் சொல்லக் கூடாதாகையால், துக்கம் கேட்கப் போன இடத்திலேயே வேலையும் பார்க்கிறோம். இழவு வீட்டில் ஒருவர் வரவுக்காகக் காத்திருந்த அனைவரும் இனி வருவதை உடனே புரிந்துகொள்வீர்கள்.

வானக் கணக்கு

எனக்குப் பல பாடல்களைப் பாடித் தந்த ஜெயமங்கலத்து விருமாயி இறந்த செய்தி கேட்டுக் காலையிலேயே சென்றிருந்தேன். அவருடைய ஒரே தம்பி இருப்பது சென்னையில். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் உடலை எடுப்பதில்லை. பொழுது சாய்ந்த பின்னும் எடுப்பதில்லை. தம்பி வருமுன் எடுத்துவிட்டால் இரு குடும்பத்துக்கும் பேச்சு அத்துடன் அற்றுப்போகும்.

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று விருமாயியின் மகன் முருகன் கேட்டார். ஒரு மணிக்குச் சற்று மேல் என்றேன். கேள்வி விமானத்தைப் பற்றியது. விடையும் அதைப் பற்றியதே. பிற்பகலில் அவர் வாசலில் நின்று அறிவித்தார்: “மாமா பிளேன் ஏறிட்டாக. ஒரு மணி நேரத்துல இங்கன நிப்பாக. தேரைக் கட்டுங்கப்பா!”

தரைக் கணக்கு

விமானம் குறித்த நேரத்தில் இறங்கியது. ஆனால் அங்கிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து ஜெயமங்கலம் சேர, வானில் வந்த நேரத்தைப் போல் இரு மடங்காவது ஆகும். உடலை ஏற்றிச் செல்லும் பூத்தேர் ஆயத்தமாகிவிட்டது. எதிர்ச்சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாமா இப்போதுதான் உசிலம்பட்டி தாண்டுகிறார் என்று முருகன் சொன்னதும், பொழுது சாயுமுன் உடலை எடுத்துவிட, விருமாயியின் கொழுந்தனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “மெட்ராஸ் பக்கமாத்தான்யா இருக்கு. இந்த மதுரைதான் தூரமாப் போச்சு!”

நீண்ட பாடம்

பெண்கள் வட்டமிட்டு மாரடித்து அழுது முடிக்கும்வரை ஆண்கள் உடலைத் தொட வருவதில்லை. அன்று பாட்டை முன்னெடுத்தவர், விருமாயியோடு நடவுக்குப் போய்வந்த பேச்சியம்மா. கொழுந்தனார் எழுந்ததைக் கண்டு, பாட்டின் இடையிலேயே என்னை நோக்கி, “விருமாயி தம்பி எங்கன வாராக?” என்றார். நேரத்தைக் கணக்கிட்டு, கணவாய் என்றேன்.

தம்பி சீர் கொண்டு வரும் அடி வழக்கமாகச் சிறியது. அன்று பேச்சியம்மாவின் பாட்டில் தம்பி விமானம் ஏறினார்; உசிலம்பட்டியில் பூ வாங்கினார்; கணவாயில் காற்று மறித்தது; ஆண்டிபட்டியில் பட்டு எடுத்தார்; வைகை அணையில் முகம் கழுவினார். நான் எந்த ஊரிலும் கேட்டிராத விரிவு. கொழுந்தனார் வட்டத்தின் ஓரத்தில் நின்றார், வட்டம் கலையவில்லை. தென்னையின் உச்சியில் வெளிச்சம் மிஞ்சியிருக்கையில் தெருமுனையில் கார் நின்றது. தம்பி அக்காள் காலடியில் விழுந்து அழுதார். பிறகு கோடி விழுந்தது.

தேர் புறப்பட்ட பின், இத்தனை நீண்ட பாடத்தை யாரிடம் கற்றீர்கள் என்று பேச்சியம்மாவைக் கேட்டேன். சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொன்னார்: “கத்துக்கிட்டதா? காரு வார வரைக்கும் இழுத்தேன்யா. இன்னும் ரெண்டு ஊரு இருந்திருந்தா எனக்கும் சேத்து ஒரு தேரு கட்டியிருப்பாக!”

அன்று முதல், ஒரு பாடம் மிக நீண்டிருந்தால், அதன் தொன்மையை ஆராயுமுன் பிறந்த வீட்டார் எந்த வழியாக வந்தார்கள் என்று விசாரித்துக்கொள்கிறேன்.